இரண்டு பேருக்கு ஒரே மூக்கு

ஹோபார்ட், டாஸ்மேனியா
6 மார்ச் 1989

நெவில்,

இது சமாதானக் கடிதம் இல்லை. அப்படி நினைத்துப் பிரித்திருந்தால் மூடி வைத்துவிடு. ஆனால் மூடுவதற்கு முன்னால் அடுத்த பாராவை மட்டும் படித்துத் தொலை.

என் மூக்கின் இடது மடல் போய்விட்டது. கேன்சர். நவம்பரில் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதை மூட நெற்றியிலிருந்து ஒரு பட்டைத் தோலை உரித்தார்கள். முழுசாக அறுக்கவில்லை, ஒரு முனை புருவத்தோடு ஒட்டியிருக்க, மறுமுனையைத் திருப்பிக் கீழே இறக்கி மூக்கில் வைத்துத் தைத்தார்கள். ரத்த ஓட்டம் பிடிக்கும்வரை மூன்று வாரம் அது என் முகத்தில் தும்பிக்கை மாதிரி தொங்கியது. மூக்கைத் தொட்டால் நெற்றியைத் தொட்டமாதிரி இருக்கும். அதோடுதான் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தேன். அப்புறம் நடுத்துண்டை வெட்டிவிட்டார்கள்.

கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டார். இரட்டை என்றேன். ஒரே அச்சா என்றார். பெற்றவளே பேரை மாற்றிக் கூப்பிடுவாள் என்றேன். "அப்படியென்றால் உடனே அவருக்குச் சொல்லுங்கள்" என்றார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்றேன். "பேசச் சொல்லவில்லையே, எழுதுங்கள்" என்றார். ஒவ்வொரு தடவை போகும்போதும் எழுதியாச்சா, எழுதியாச்சா என்று ஒரே நச்சரிப்பு. அவர் தொல்லை பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

இடது மடலைப் பார். எனக்கு முதலில் வந்தது சின்னப் பரு மாதிரி ஒன்று. கொஞ்சம் மினுமினுப்பாக இருக்கும். ஷேவ் பண்ணும்போது ரத்தம் வரும், காயும், பொருக்கு விழும், மறுபடி ரத்தம். ஆறவே ஆறாது. ஆனால் வலிக்காது. வலிக்கவில்லையே என்றுதான் நானும் ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டேன்.

பதில் வேண்டாம்.

க்ளெம்


வில்லாரா, குயின்ஸ்லாந்து
19 மார்ச் 1989

டேய் க்ளெம்,

பதில் வேண்டாம்னு எழுதினே பாரு, அதுக்காகவே எழுதறேன். ஆறு வருஷமா ஒரு கிறிஸ்மஸ் அட்டை கிடையாது. இப்ப வருது லெட்டர், என்னடான்னா எனக்குக் கேன்சர் உனக்கும் இருக்கும்னு. சின்ன வயசுலேர்ந்து உனக்கு இதே புத்திதான். உனக்கு அம்மை வந்தப்பவும் எனக்கு வரலைன்னு ஒரு வாரம் அழுதே.

பாத்தேன். லாரிக் கண்ணாடியில பாத்தேன், குளியல் ரூம்ல பாத்தேன். இடது பக்கம் பச்சக் கொழந்த மூக்கு மாதிரி சுத்தமா இருக்கு. உன் டாக்டர்கிட்ட சொல்லு.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. காலைல எழுந்ததும் மூக்குல வெயிலுக்கு வெள்ளைக் களிம்பைப் பூசிக்கிட்டு, கொடை அகலத்துக்குத் தொப்பியும் மாட்டிக்கிட்டு, சீமாட்டி கணக்கா லாரியில ஏறி உக்காந்தவன் நீ. நான் என் ஜென்மத்துல ஒரு சொட்டு பூசினதில்ல. பூசினவனுக்குக் கேன்சர். பூசாதவனுக்கு ஒண்ணுமில்ல. இதுக்கு உன் டாக்டர் என்ன சொல்றார்? எனக்கென்னமோ அந்தக் களிம்புதான் உன் மூக்கை அரிச்சிருக்கும்னு தோணுது.

தபால் லாரி இன்னும் நான்தான் ஓட்டறேன். நீ ஓடிப்போன அப்புறம் வழியில பண்ணைக் கேட் திறக்க ஆள் வெக்கல. நானே நிறுத்தறேன், நானே எறங்கித் திறக்கறேன், ஓட்டிட்டு வந்து நானே மூடறேன். உன்னைவிட வேகமாத்தான் செய்யறேன்.

பேப்பர்ல ஒரு பொட்டு ரத்தம் இருக்கும். உன் நெனப்புல அழுதேன்னு நெனச்சுக்காதே, பிளேடு சரியில்ல. ரெண்டு கம்பெனி மாத்திட்டேன், தினமும் மூக்கோரம் ஒரே எடத்துல வெட்டுது. பழைய பேப்பரைக் கிழிச்சு ஒட்டிக்கிட்டுத்தான் வண்டி எடுக்கறேன்.

உன் குளிர் ஊர் சீல் மீன்களுக்கு என் விசாரிப்பு.

நெவில்


ஹோபார்ட்
2 ஏப்ரல் 1989

நெவில்,

பிளேடைக் குறை சொல்லாதே. எந்தக் கம்பெனி பிளேடும் தினமும் ஒரே இடத்தில் வெட்டாது.

எந்தப் பக்கம் என்று நீ எழுதவில்லை. நான் சொல்கிறேன். வலது.

உன் கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். அதில் என்னைச் சீமாட்டி என்று எழுதியிருந்ததைப் படித்து அவர் சிரித்ததையும் பொறுத்துக்கொண்டேன். படித்து முடித்துவிட்டு, லாரியை யார் ஓட்டுவது என்று கேட்டார். அவன்தான், அவனைத் தவிர யாரும் தொடக்கூடாது என்றேன். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுவாரா என்றார். அந்த ஊரில் கண்ணாடியை ஏற்றினால் உள்ளேயே வெந்துபோவோம் என்றேன். "உங்கள் ஜன்னல் இடது பக்கம், அவர் ஜன்னல் வலது பக்கம். அப்புறம் எதற்கு இடதைப் பார்க்கச் சொன்னீர்கள்" என்றார்.

எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. என் மூக்கு எப்படியோ அப்படித்தான் உன் மூக்கும் என்று எழுதிவிட்டேன். இது நமக்குப் பிறவிக் கோளாறு. உனக்கு வயிறு வலித்தால் அம்மா எனக்கும் சேர்த்துத்தானே விளக்கெண்ணெய் கொடுப்பாள், அந்த மாதிரி.

ஆனால் ஒன்று. இருபது வருஷத்துக்கு மேல் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, ஒரு நாள் அந்த ஸ்டியரிங்கைக் கொடுத்தாயா? சில நிமிஷம் முந்திப் பிறந்துவிட்டாயாம், அதனால் நீ டிரைவர். பக்கத்தில் உட்கார்கிறவன்தான் கேட் திறக்க வேண்டும், அது நாட்டு வழக்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாளாவது மாற்றி உட்கார்ந்தால் என்ன குடி முழுகிவிடும்? கொளுத்துகிற வெயிலில் நான் இறங்கி, சங்கிலியைக் கழற்றி, நீ புழுதியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே போகும்வரை காத்திருந்து, மூடிவிட்டு ஓடிவந்து ஏற வேண்டும். ஏறுவதற்குள் நகர்த்திவிடுவாய். அதில் உனக்கு ஒரு சந்தோஷம்.

களிம்பு பற்றிக் கேட்டாயே, கேட்டுக்கொள். நான் பூச ஆரம்பித்தபோது எனக்கு வயது ஐம்பது. வீடு எரிந்து முடிந்தபின் வாளியோடு வந்தவன் நான். எரிந்ததெல்லாம் நாம் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில். தொப்பி இல்லாமல் ஆட்டு மந்தை பின்னால் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வருவோம். அம்மா மூக்கில் ஆட்டுக் கொழுப்பைத் தடவுவாள். மறுவாரம் தோல் உரியும். கிழியாமல் யார் நீளமாக உரிக்கிறது என்று நமக்குள் போட்டி, எப்போதும் நீதான் ஜெயிப்பாய். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இப்போது வருகிறது. களிம்பு பூசியதால் எனக்கு மடலோடு நின்றது, அவ்வளவுதான். நீ பூசவே இல்லை.

பூசாததோடு விட்டாயா? குதிரைப் பந்தயத்தன்று என்ன செய்தாய்? மூக்கில் கோதுமை மாவை அப்பிக்கொண்டு, யாரோ பொம்பளையின் தொப்பியும் குடையுமாக, ஒலிபெருக்கி முன்னால் போய் நின்று "ஐயோ வெயில் படுதே, என் சருமம் என்னாகிறது" என்று இடுப்பை ஆட்டினாய். மாவட்டமே அங்கே இருந்தது. நான் மூக்கில் களிம்போடு எல்லாருக்கும் நடுவில் நின்றேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே நின்றேன், வேறு என்ன செய்வது. மறுநாள் பஸ் ஏறினேன். அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, சாகிறவரை மறக்க மாட்டேன்.

வலது பக்கம் அந்தப் பேப்பர்த் துண்டை எடுத்துவிட்டுப் பார். பார்த்துவிட்டு உடனே டாக்டரிடம் போ.

க்ளெம்


வில்லாரா
24 ஏப்ரல் 1989

க்ளெம்,

ஆமா. வலது பக்கந்தான். சந்தோஷமா? உன் டாக்டருக்கும் சேத்து ஒரு பீர் வாங்கிக் குடி.

அரிசி அளவுக்கு ஒரு பொருக்கு. அதுக்கு மேல ஒண்ணுமில்ல. ரெண்டு வருஷமா இருக்கு, என் பாட்டுக்கு நான் இருக்கேன், அது பாட்டுக்கு அது இருக்கு. கேன்சர்னா இந்நேரம் ஆளைத் தூக்கியிருக்காதா?

டாக்டர்கிட்ட போன்னு சுலபமா எழுதிட்டே. இங்க டாக்டரே கிடையாது, விமானத்துல ஒருத்தர் மாசம் ஒரு தடவ வர்றார். எங்க உக்காந்து பாக்கறார்? ஊர் மண்டபத்துல. சுவரோரம் பெஞ்சு போட்டிருக்கும், ஊரே அதுல வரிசையா உக்காந்திருக்கும். பாதிப் பேருக்கு ஒரு வியாதியும் கிடையாது, அடுத்தவனுக்கு என்ன வியாதின்னு தெரிஞ்சுக்க டீயும் கேக்குமா வந்து உக்காந்திருக்கு. அங்க நான் போய், "டாக்டர், வெயில் பட்டு என் மூக்கு கெட்டுப்போச்சு"ன்னு நிக்கணும். ரெண்டாவது ஆள் சிரிக்கறதுக்குள்ள ஒருத்தன் மாவுப் பொட்டலத்தோட என் பின்னாடி வந்து நிப்பான். நான் அவன் எடத்துல இருந்தா நானே நிப்பேன்.

பக்கத்து டவுன் லாங்ரீச் ஆஸ்பத்திரிக்குப் போன்னு அடுத்து எழுதுவே. லாங்ரீச்சுல நான் தும்மினா இங்க கடையில கேக்கும்.

ஸ்டியரிங் வேணுமாம் ஸ்டியரிங். நீ ஓட்டி நான் பாத்திருக்கேன். அப்பாவோட டிராக்டரைப் பண்ணைக் குட்டைக்குள்ள எறக்கினது யாரு? பேச்சை விடு.

அந்தப் பந்தயம் ஒரு வெளையாட்டு. ஊரே சிரிச்சுது, நீயும் சிரிச்சே, நான் கண்ணால பாத்தேன். அப்பறம் சொல்லாமக் கொள்ளாம பஸ் ஏறிப் போனா அது என் குத்தமா? மறுநாள் காலைல லாரியை எடுத்து வெளிய நிறுத்திட்டு ஆரனை அடிச்சு அடிச்சு, உன்னை ஊரெல்லாம் தேடினேன். அன்னிக்குத் தபால் ரொம்ப லேட்டு. நான் ஓட்டினதுலயே அன்னிக்கு ஒரு நாள்தான் லேட்டு.

மூக்கு விழுந்தா விழட்டும். நான் மண்டபத்துல போய் உக்கார மாட்டேன்.

நெவில்


ஹோபார்ட்
8 மே 1989

நெவில்,

ரெண்டு வருஷம் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு டாக்டர் சிரிக்கவில்லை.

அது ஆளைத் தூக்காது. அவசரமே படாது. தோலிலிருந்து குருத்தெலும்புக்குப் போகும், அங்கிருந்து எலும்புக்கு, அங்கிருந்து கண்ணுக்கு. வலிக்காமலேயே போகும். என் வார்டில் பக்கத்துப் படுக்கையில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் இருந்தார். உன்னை மாதிரியே வாய். அவருக்கு மூக்கே கிடையாது. ரப்பரில் செய்த மூக்கு ஒன்றை மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து மாட்டிக்கொள்வார். தூங்கும்போது கழற்றி டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பார். நர்ஸ் விளக்கை அணைக்கிறவரை நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவரும் ஊர் சிரிக்கும் என்றுதான் காத்திருந்தாராம்.

ஒரு கண் போனால் உனக்கு லாரி கிடையாது. யோசித்துக்கொள். லாரி இல்லாமல் நீ யார்? வாயை வைத்து என்ன செய்வாய், யாருக்குத் தபால் கொடுப்பாய்?

நான் கெஞ்சுகிறவன் இல்லை. உனக்குக் கெஞ்சினால் ஏறிக்கொள்ளும் என்றும் தெரியும். ஊர் சிரிக்கும் என்று பயப்படுகிறாய். சரி. சிரிக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

க்ளெம்


வில்லாரா
12 ஜூன் 1989

க்ளெம்,

நீயெல்லாம் மனுஷனா?

வெள்ளிக்கிழமை நான் மேற்கு லைன்ல தபால் கொடுக்கப் போயிருப்பேன், ராத்திரி கூராபா பண்ணையில தங்குவேன், சனிக்கிழமை மத்தியானந்தான் ஊருக்கு வருவேன்னு உனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் வெள்ளிக்கிழமை பாத்து வந்திருக்கே. டாஸ்மேனியாவுலேர்ந்து, ஏரோப்ளேன்ல, பஸ்ல, ரெண்டு நாள் உக்காந்து வந்திருக்கே. அண்ணன் இருக்கானா செத்தானான்னு பாக்கவா? இல்ல. என் மூஞ்சியை என் ஊருக்குக் காட்ட.

சனிக்கிழமை வண்டியை நிறுத்திட்டு எப்பவும் போல பாருக்குள்ள போனேன். எப்பவும் போல மெர்ல்கிட்ட, "அம்மாடி, தொண்டை காஞ்சு கெடக்கு, ஒரு பீர் ஊத்து"ன்னேன். ஊத்தல. கவுண்டருக்குப் பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னா. 

"நேத்து உன் தம்பி வந்தான் நெவில்" அப்படின்னா.

அப்பறம் அவளே சொன்னா. "ஆள் உள்ள வந்ததும் நீதான்னு நெனச்சேன். என்ன நெவில், லைனுக்குப் போகலையான்னு கேட்டுக்கிட்டே திரும்பினேன். தொப்பியைக் கழட்டினான். கையில வெச்சிருந்த கிளாஸ் கீழ விழுந்து ஒடஞ்சுது. முந்தாநாள் வரைக்கும் இருந்த மூக்கு எங்கன்னு கேக்கறேன். ஒரு பீர் கேட்டான். எல்லாரையும் பாத்து உக்காந்துக்கிட்டு மெதுவா குடிச்சான். கடைசியிலதான் சொன்னான், நான் நெவில் இல்ல, நெவிலுக்கு இனிமேத்தான், அவன் வலது பக்கம் பேப்பர் ஒட்டிக்கிட்டு வருவான், அதை எடுத்துட்டுப் பாருங்கன்னு."

 ஏதாவது சொல்லிச் சிரிக்க வெச்சுட்டா தப்பிச்சுக்கலாம்னு, "அவன் எப்பவுமே அழகு குறைச்சல்தான்"னேன். ஒருத்தன் சிரிக்கணுமே. டக் இருக்கான்ல, அன்னிக்குப் பந்தயத்துல தரையில விழுந்து பொரண்டு சிரிச்சவன், அவன் எழுந்து வந்து என் தோள்ல கையை வெச்சு, "எங்கப்பாவுக்குக் காதுல இப்படித்தான் ஆரம்பிச்சுது, போய்க் காட்டு நெவில்"ங்கறான். சிரிச்சிருந்தா அடிச்சிருப்பேன்டா. அடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். பரிதாபப்படறவனை என்ன பண்றது?

மெர்ல் கையை நீட்டிப் பேப்பரை அவளே உரிச்சா. "ஐயோ நெவில்"னு ஒரு வார்த்தைதான் சொன்னா. டாக்டரைப் பாக்கற வரைக்கும் பாருல எனக்கு ஒரு சொட்டு கிடையாதாம். எவனும் வாங்கித் தரவும் கூடாதாம். செவ்வாய்க்கிழமை கூராபா பண்ணைக்குப் போனா, அதுக்குள்ள அங்கயும் சேதி போயிருக்கு. ஹெகார்ட்டி அம்மா தபால் மூட்டையை வாங்கிக்கிட்டே லாரிச் சாவியையும் எடுத்து ஏப்ரன் பைல போட்டுக்கிட்டாங்க. "நாளைக்கு இங்கதான் விமான டாக்டர் எறங்கறார், நீ மூக்கைக் காட்டிட்டு வா, சாவி தரேன்"னாங்க. என் வயசென்ன, அவங்க வயசென்ன. என்னை ஸ்கூல் பையனாட்டம் வராந்தாவுல உக்கார வெச்சாங்க.

டாக்டர் ஊசி போட்டு ஒரு துணுக்கு வெட்டி டெஸ்டுக்கு அனுப்பியிருக்கார்.

உன்கிட்ட நான் செஞ்சது வெளையாட்டு. நீ என்கிட்ட செஞ்சது வெளையாட்டு இல்ல. இனிமே என் மூஞ்சில முழிக்காதே.

நெவில்


ஹோபார்ட்
26 ஜூன் 1989

நெவில்,

மெர்ல் கையிலிருந்த கிளாஸ் உடைந்ததற்கு வருத்தம். வேறு எதற்கும் இல்லை.

நீ நன்றி சொல்ல வேண்டாம், ஏனென்றால் உனக்காக என்று நான் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது ரெண்டு நாளும் ஒரே எண்ணந்தான். ஒலிபெருக்கி முன்னால் நீ நின்ற மாதிரி நானும் ஒரு தடவை எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும், அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். கோபத்தில் வந்தேன். இந்த ஊரில் இத்தனை மாதமாகக் கழுத்துத் துணியை மூக்குவரை ஏற்றிக்கொண்டு நடக்கிறவன் நான். ரொட்டிக் கடைக்காரியைக்கூட நேருக்கு நேர் பார்ப்பதில்லை. அன்றும் தொப்பியோடே திரும்பிப் போயிருப்பேன். ஆனால் கழற்றினேன்.

வீட்டுப் பக்கம் போகவில்லை. வேலியிலிருந்தே பார்த்தேன். கூரையில் ஒரு தகடு தூக்கிக்கொண்டிருக்கிறது, உன் கண்ணில் படவில்லையா?

முடிவு வந்ததும் எழுது. ஒரு வரி போதும். திட்டுகிறதைத் தனித் தாளில் எழுதிக்கொள்.

க்ளெம்


வில்லாரா
20 ஜூலை 1989

க்ளெம்,

கேன்சர்தான்.

பிரிஸ்பேன்ல பெரிய டாக்டரைப் பாத்துட்டு நேத்துத்தான் வந்தேன். வலது மடல் முழுக்கப் போகுது, கன்னத்துலயும் கொஞ்சம். உள்ள கண்ணுப் பக்கம் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு திறந்து பாத்தாத்தான் தெரியுமாம். போயிருந்தா கண்ணையும் எடுத்துடுவாங்களாம். சும்மா, பல்லு புடுங்கற மாதிரி சொல்றார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருந்தா ரெண்டு தையலோட வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்னு வேற சொன்னார். இதை உனக்கு எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். எழுதிட்டேன், நல்லா அனுபவி.

வேலைக்கு இப்ப டக்கோட பையனை வெச்சிருக்கேன், லாரியை அவன் எடுத்துட்டுப் போறான். கியர் மாத்தற சத்தம் வீட்டுக்குள்ள கேக்குது. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ எழுதினியே, லாரி இல்லாம நீ யாருன்னு. அதை எழுதினதுக்கு உன்னை என்னிக்கும் மன்னிக்க மாட்டேன். அதையேதான் நெனச்சுக்கிட்டுப் படுத்துக் கெடக்கறேன்.

ஆபரேஷன் ஆகஸ்ட் நடுவுல. ஆஸ்பத்திரியில ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்னு கேட்டாங்க. பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. மெர்ல் பேரைக் கொடுக்கலாமான்னு பாத்தேன், சொந்தமா இருக்கணும்னாங்க. வேற வழியில்லாம உன் பேரைக் கொடுத்திருக்கேன். அதுக்காக வந்து நிக்காதே.

நெவில்


ஹோபார்ட்
31 ஜூலை 1989

நெவில்,

வருகிறேன். உன்னைப் பார்க்க இல்லை. கண்ணை எடுக்கலாமா என்று கேட்டு யாராவது கையெழுத்து வாங்க வந்தால், எடுக்கக் கூடாது என்று சண்டை போட உன் பக்கம் ஒரு ஆள் வேண்டும். நீ மயக்கத்தில் இருப்பாய்.

உன்னோடு பேச மாட்டேன். நீயும் பேசாதே.

க்ளெம்


பிரிஸ்பேன், ஆஸ்பத்திரி, மூன்றாம் வார்டு
17 ஆகஸ்ட் 1989, காலை
நர்ஸ் மூலம்

ஜன்னலோரம் உக்காந்திருக்கற மகாராஜாவுக்கு,

நீயும் பேசல, நானும் பேசல. இதை எடுத்துட்டு வர்ற நர்ஸ், "ரெண்டு பேரும் ஒரே ரூம்லதானே இருக்கீங்க, எதுக்கு என்னை நடக்க விடறீங்க"ன்னு திட்டறா. அவகிட்ட வழக்கு சொல்ல எனக்கு இப்ப தெம்பில்ல.

முந்தாநாள்லேர்ந்து பாக்கறேன். அந்த நாற்காலியில எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, தொப்பியைக் கழட்டாம, வெளியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே. வெளிய என்ன இருக்கு? கார் நிறுத்தற எடம். முதுகைக் காட்டறதுக்குத்தான் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தியா?

ஒரு கண்ணைக் கட்டி வெச்சிருக்காங்க. கட்டுக்குக் கீழ கண்ணு இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல. தொட்டுப் பாக்கக் கூடாதாம். டாக்டர் வந்தப்ப நான் தூக்கத்துல இருந்தேன். உன்கிட்ட என்ன சொன்னார்?

நெவில்


அதே வார்டு
17 ஆகஸ்ட், மத்தியானம்

நெவில்,

கண் இருக்கிறது. விளிம்புவரை வந்து நின்றிருந்ததாம். இன்னும் ஒரு கோடை விட்டிருந்தால் போயிருக்கும் என்றார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். ஓட்டலாம், ஜன்னலை ஏற்றிவிட்டு, களிம்பு பூசிக்கொண்டு ஓட்டலாம் என்றார். பூசுவான், பூசாவிட்டால் நான் கட்டிப்போட்டுப் பூசுகிறேன் என்று உன் சார்பில் சொல்லிவிட்டேன்.

மடல் முழுக்கப் போய்விட்டது. எனக்குச் செய்ததைத்தான் உனக்கும் செய்திருக்கிறார்கள். நெற்றியிலிருந்து தோல் தொங்குகிறது. தும்மாதே, பிடுங்கிக்கொள்ளும்.

நான் ஏன் திரும்பவில்லை என்று கேட்டாய். பாரில் எல்லாருக்கும் காட்டினேன், அது அவர்கள் முகம் இல்லை, அவர்கள் பார்த்தால் எனக்கென்ன. உனக்குக் காட்ட மனசு வரவில்லை. நீ சிரித்தாலும் என்னால் தாங்க முடியாது, டக் மாதிரி பரிதாபப்பட்டாலும் தாங்க முடியாது. அதனால் கார் நிறுத்துகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

க்ளெம்


அதே வார்டு
17 ஆகஸ்ட், சாயங்காலம்

க்ளெம்,

கண்ணு இருக்குங்கற வரியை நாலு தடவ படிச்சேன். நர்ஸ் பேனாவை வாங்கிக்கிட்டுப் போயிட்டா, இப்பத்தான் திருப்பித் தந்தா.

நாளைக்குக் காலைல கட்டை மாத்தறாங்க. கண்ணாடி கேட்டேன். முதல் வாரம் யாருக்கும் தர்றதில்லையாம். நானும் கத்திப் பாத்தேன், அசைய மாட்டேங்கறாங்க. என் மூஞ்சி எப்படி ஆகும்னு ஊரே பாத்துடுச்சு. மெர்ல் பாத்தா, டக் பாத்தான், பாருல ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தவனெல்லாம் பாத்தான். நான் ஒருத்தன்தான் பாக்கல.

எனக்குப் பயமா இருக்குடா. யார்கிட்டயும் சொல்லாதே. சிரிக்க எனக்கு வாய் திறக்கல, தையல் இழுக்குது. பரிதாபப்பட என்னால முடியாது, எனக்கே இப்ப அதுதான் மூஞ்சி.

நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பு. தொப்பியைக் கழட்டு.

நெவில்